வராத கை

"கத்திரிக்கோலு இருந்தா எடுத்தாங்க. முதுகுப் பக்கம் கிழிச்சிட்டு முன்னால சொருவிக்கலாம்" என்றார் ராபின் மாமா.

சாலமோனின் வலது கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டு, இடது கையோடு அவர் கால்மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்த உடம்பு, கட்டையாக விறைத்திருந்தது. பாஸ்டர் மூன்று மணிக்கு வந்துவிடுவார். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே ரோலிங் மில் ஆட்கள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிழிக்காதீங்க மாமா" என்றாள் சாலமோனின் மகள் கிறிஸ்டினா. "வராத கையத்தான் மொதல்ல வுடணும். அந்த வலது கையக் கழட்டுங்க."

"செத்தவருக்கு எல்லாக் கையும் வராத கைதாம்மா."

சொல்லிவிட்டாரே தவிர, மாமா நகர்ந்து இடம் விட்டார். பொம்பளைப் பிள்ளை பிணத்துக்குச் சட்டை போடுவதாவது என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா ரோசம்மாள் வாயைத் திறக்கவில்லை. நேற்றிலிருந்தே அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிறிஸ்டினா நைனாவின் தோளை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துப் பதமாக உருட்டினாள். பிறகு முழங்கை, மணிக்கட்டு. வாதம் வந்து விழுந்த அந்த இடது கை, ஒரு வருஷமாகத் தினமும் அவள் இளக்கிவிட்டதுதான். சட்டைக் கையை வளையமாகச் சுருட்டிப் பிடித்து, விரல்களை உள்ளே விட்டு, தோள்வரை ஏற்றினாள். அப்புறம் வலது கை. கிழியாமல் ஏறியது. பட்டன் ஐந்தையும் அவளே போட்டாள். நைனாவுக்கு அவள் பட்டன் போட்டுவிட்டது இந்த ஒரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"நர்சுக்குப் படிச்ச பொண்ணாச்சே" என்றாள் ஒரு அத்தை.

நர்சு இல்லை. ஆனால் யாருக்குச் சொல்லி மாள்வது? ஆக்குபேஷனல் தெரபி என்றால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சட்டை போடவும் சோறு திங்கவும் கத்துக்குடுக்க நாலரை வருஷப் படிப்பா என்று ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா கேட்க, பந்தியே சிரித்தது. நைனா மட்டும்தான் சிரிக்கவில்லை. "வுயுந்தவன எவன் வேணா தூக்குவான். தானா எந்திரிக்க வெக்கிறதுக்குப் படிப்பு வேணும்டா" என்றார். அப்போது அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் அவருக்கு இடது பக்கம் விழுந்தது. கிறிஸ்டினா திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கைக்குழந்தைக்குச் செய்வதுபோல அம்மா எல்லாவற்றையும் அவருக்குச் செய்துவிட்டபோது, இவள்தான் தடுத்தாள். செய்துவிடுவது பாசம் இல்லை, மிச்சமிருக்கிற பலத்தையும் பிடுங்கிக்கொள்வது என்று பாடத்தில் படித்தவள். "கையக் கட்டிக்கினு உக்காரத் தெரிஞ்சாதான் நீ தெரபிஸ்ட்" என்று சீனியர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அதனால் ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு மணிக்கு நைனாவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, போனில் நேரம். முதல் மாதம் ஒரு சட்டைக்கு அரைமணி நேரம் ஆனது. நாலாம் மாதம் பதினான்கு நிமிடத்துக்கு வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. ஏழெட்டு மாதமாகப் பதினான்கு, பதினைந்து, மறுபடியும் பதினான்கு. நைனா பட்டனைப் பிடித்துக்கொண்டு கதை பேசுவார். முன்னொரு காலத்தில் கிரேன் கொக்கியில் காக்கா கூடு கட்டியது, மீன்காரம்மா நேற்று வராதது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது.

"பேசாம போடு நைனா. கவனம் செதறுது."

"சரிம்மா" என்று அவர் பட்டனைப் பார்ப்பார். ஒரு நிமிடம் கழித்து, "அந்தக் குட்டிங்கள்ல ஒண்ணு வெள்ளயா கீதும்மா" என்பார்.

அன்றைய பேச்சு அதோடு சரி. ஆறரைக்குக் கிளம்பினால், கவரைப்பேட்டை போய், பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர இரண்டு பஸ் மாறவேண்டும். திரும்பி வருவதற்குள் எட்டாகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் விடிந்துவிடும்.

மூன்று பரிசோதனையில் முன்னேற்றம் இல்லையென்றால் அந்த இலக்கை முடித்துக்கொள்ள வேண்டும், வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்வார்கள். நேற்றுக் காலை அவள் அதைத்தான் செய்தாள். நைனா மூன்றாவது பட்டனில் இருந்தார். பதினான்கு நிமிடம் தாண்டிவிட்டது. நோட்டை மூடினாள்.

"நாளையிலருந்து இது வேணாம் நைனா. அம்மா போட்டு வுடட்டும். இதுக்கு மேல வராது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வராதா?"

"வராது நைனா."

"சரிம்மா. நீ கெளம்பு, பஸ்ஸு போயிடப்போவுது" என்றார்.

பதினோரு மணிக்கு, நைனா உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று ஆஸ்பத்திரிக்கு போன் வந்தது. வந்து பார்த்தபோது நைனாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். காலையில் போட்டுக்கொண்டிருந்த அதே நீலச் சட்டைதான். ஐந்து பட்டனும் ஒழுங்காகப் போட்டிருந்தது, காலர்கூட மடங்கவில்லை. நாளையிலிருந்து என்று சொன்னதை அம்மா அன்றைக்கே தொடங்கிவிட்டாள் போல என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அழுவதற்குப் பதிலாக அந்தப் பட்டன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வராது என்று பெற்ற மகளே கையை விரித்துவிட்டாள். அந்தச் சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டு போனார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவேண்டும். அதைக் கேட்க அம்மாவை விட்டால் ஆளில்லை. அம்மாவோ பேசுவதாக இல்லை.

பாஸ்டர் சொன்னபடி வந்தார். கல்லறைத் தோட்டத்தில் கோடைமழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் வரப்புமேல் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள். மில் ஆட்கள் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். மண் போட்டதும் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நாலைந்து பேர் அப்படியே போய்விட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் ஷாமியானாவைக் கழற்றிக்கொண்டு போனான் கடைக்காரன். ராபின் மாமா, காலையில் வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்தார். பக்கத்து வீட்டு கெங்கம்மாள் தூக்கில் இட்லி கொண்டுவந்து வைத்து, "ரெண்டு பேரும் துன்னுங்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவ்வளவுதான். வீடு இரண்டு பேருக்குப் பெரிதாக இருந்தது.

கிறிஸ்டினா தட்டில் இரண்டு இட்லி வைத்து அம்மாவிடம் நகர்த்தினாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"நேத்து நான் போனப்புறம் நைனாவுக்கு மிச்ச பட்டன நீ போட்டியாம்மா?"

"நான் எதுக்குப் போடுறேன்?" என்றாள் அம்மா. இரண்டு நாளில் அதுதான் முதல் பேச்சு. "நீ தெருமுன தாண்டல, அதுக்குள்ள அவரே போட்டுக்கினாரு."

"அவராவா? அதுக்குள்ளயா?"

"எப்பவும் அப்டித்தான். ஞாயித்துக்கெயம நீ தூங்கிக்கினு இருப்ப. சர்ச்சுக்கு நாலே நிமிசத்துல போட்டுக்கினு வாசல்ல வந்து நிப்பாரு."

கிறிஸ்டினாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அம்மா பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லாதன்னாரு. கை தேறிடுச்சின்னு தெரிஞ்சா பொண்ணு எந்திரிச்சிப் போயிடும், அப்புறம் எங்க உக்காந்து பேசப்போவுதுன்னாரு."

தெருவில் எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது.

"நேத்து... நான் வராதுன்னு சொன்னதுக்கு இன்னா சொன்னாரும்மா?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிரிச்சாரு. ரொம்பத்தான் இயுத்துட்டேன் ரோசு, நாளைக்கிப் பன்னெண்டு நிமிசத்துல போட்டுக் காட்டுறேன், அப்ப பொண்ணு இத வுடாதுன்னாரு."

கிறிஸ்டினா அப்போதுதான் அழுதாள். பாடம் படித்ததும் பரிசோதனை செய்ததும் நோட்டில் எழுதியதும் எல்லாம் சேர்ந்து கண்ணீராக இறங்கியது. அம்மா அவளைத் தேற்றவில்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. அழுது முடியும்வரை சும்மா இருந்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ரோசம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் தின்று முடித்துக் கை கழுவுகிறவள். இன்றைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு இட்லியைக் கிள்ளி, சட்னியில் தொட்டு, வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.

"கெங்கம்மா பொண்ணுக்கு ஏயாம் மாசம். தெரியுமா ஒனக்கு?" என்றாள்.

"தெரியாதும்மா."

"வளகாப்பு போட நாள் பாத்துக்கினு கீறாங்க" என்று இன்னொரு துளி கிள்ளினாள். "அவ மாமியா ஊடு பொதட்டூர்பேட்ட பக்கம்."

உள்ளறையில் கிறிஸ்டினாவின் போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தட்டில் சட்னி ஓரமெல்லாம் காய்ந்துபோயிருந்தது. இரண்டாவது இட்லி கைபடாமல் அப்படியே இருந்தது.