காகிதத்தின் கனம்

தெருவே அவளை 'வேன் அக்கா' என்றுதான் கூப்பிடும். கணவன் வேறு ஊரில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டில் உலை கொதிப்பது அவள் ஓட்டும் பள்ளி வேனால்தான். அந்த வேனோ சூடு ஏறும்வரை சமர்த்தாக ஓடும், ஏறியதும் ஏற்றத்தில் மூச்சை விட்டுவிடும். அரைமணி ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். வியாழனும் வெள்ளியும் பிள்ளைகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமையும் இப்படி ஆனால் அந்த வழியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பள்ளி மேலாளர் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டார்.

கேட்ட பட்டறையெல்லாம் புதன்கிழமைக்கு வரச்சொன்னது. ஒரு மெக்கானிக் மட்டும் போனிலேயே, "கிராங்க் சென்சார்தாம்மா போயிருக்கு, ஒரே போல்ட், நீங்களே மாத்திக்கலாம்" என்றார். எஞ்சின் சக்கரம் சுற்றும்போது அதன் பற்களை எண்ணி, எப்போது தீப்பொறி தட்டவேண்டும் என்று தெரிவிக்கிற கட்டைவிரல் அளவுச் சாமான் அது. கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்தது வர ஒரு வாரமாகும் என்றார் கடைக்காரர்.

ஞாயிறு மதியம் வேனுக்கடியில் பழைய போர்வையை விரித்துப் படுத்து, பழைய சென்சாரைக் கழற்றிவிட்டாள். வெளியே வந்து புதியதை உறையிலிருந்து எடுத்தாள். அதன் நுனியில் பழுப்பாக ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மேலாளரின் போன்.

"நாளைக்கு வண்டி உறுதிதானேம்மா?"

"உறுதி சார்."

பேச்சு ஒரு பக்கம் இருக்க, நகம் தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. காகிதத்தை உரித்து, உருண்டையாக உருட்டிக் கீழே போட்டது. அதன்பிறகுதான் அவள் குறிப்புச் சீட்டைப் பிரித்தாள். நம் ஆட்கள் சீட்டைப் படிப்பது எப்போதுமே காரியம் கெட்ட பிறகுதானே. நுனியிலுள்ள காகிதத்தை எடுக்கக் கூடாது, அது சக்கரத்தைத் தொடும்வரை தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு இறுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. எஞ்சின் ஓட ஓடக் காகிதம் தேய்ந்துபோகும். அது இருந்த கனம்தான் சரியான இடைவெளி. நெருங்கினால் பல் இடித்து சென்சார் உடையும், விலகினால் எண்ணிக்கை தப்பும்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று போர்வையின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் துணி எடுக்க இறங்கி வந்தாள். கணவனின் அக்கா, அச்சகத்தில் இருபது வருடமாக பைண்டிங் வேலை. கையும் கூர்மை, வாயும் கூர்மை.

"வண்டிக்கடியில உட்கார்ந்து யாருக்கும்மா ஒப்பாரி?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே நல்ல வசைக்குக் காதைத் தயார் செய்துகொண்டாள்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்பாங்க. எங்கம்மா இப்ப இல்ல, யாரு எடைபோடப் போறா? மண்குடம்னே வச்சுக்கலாம். உருண்டை எங்க?"

இருவரும் தரையைத் துழாவி அதை எடுத்தார்கள். நாத்தனார் நகநுனியால் மெல்லப் பிரித்தாள். நடுப்பகுதி கசங்கி நாராகிவிட்டது. ஓரத்தில் ஒரு நெல்லளவு மட்டும் கசங்காமல் தப்பியிருந்தது. அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது காகிதமில்ல, சன்ன அட்டை. பெரிய நோட்டுக்கு முதுகுல கொடுப்போம்."

மாடியிலிருந்து அச்சகத்துக் கழிவு அட்டைத் துண்டுகள் அடைத்த பை வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது தடியன், இது நோஞ்சான்" என்று ஒதுக்கிக்கொண்டே போனாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியுது அண்ணி."

"கண்ணை நம்பினா புத்தகம் வாயைப் பொளந்துக்கும்."

ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, தப்பிய ஓரத்தையும் அதையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டுக்கும் மேலாக இரும்பு ஸ்கேலைப் படுக்கவைத்தாள். ஸ்கேல் எந்தப் பக்கமும் சாயவில்லை, இரண்டும் ஒரே கனம். வட்டமாக வெட்டிக் கொடுத்தாள்.

"பசையை வழிச்சுப் பூசாத, அதுவும் கனந்தான். விளிம்புல தொட்டு வை, போதும்."

சென்சார் நுனியில் ஒட்டியது காய்ந்ததும் வேன் அக்கா மறுபடி அடியில் போனாள். அட்டை சக்கரத்தைத் தொட்டு நின்றது. ஸ்பேனரைத் திருப்பினால் சென்சார் பின்னுக்கு நழுவியது. இரண்டு கை போதவில்லை. கூப்பிடுவதற்குள் நாத்தனார் பக்கத்தில் வந்து படுத்துவிட்டாள், துவைத்து உடுத்திய துணியோடு. பசை இறுகும்வரை அட்டையை அழுத்திப் பழகிய விரல் சென்சாரின்மேல் அசையாமல் நின்றது.

"இறுக்கு. நான் விடமாட்டேன்."

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. அது பெரிய விஷயமில்லை, சூட்டில் அல்லவா இருக்கிறது சங்கதி. இருவரும் ஏறி ஊரைச் சுற்றினார்கள். சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்தது. ஏற்றம் வந்தது. வேன் ஏறியது, இறங்கியது, திரும்பி வந்து இன்னொருமுறையும் ஏறியது.

நன்றி என்ற சொல் வீட்டு மனுஷரிடம் நாக்கில் ஏறாது, சொன்னாலும் அந்நியமாகக் கேட்கும். வேன் அக்கா ஓரமாக நிறுத்தி மேலாளரை அழைத்தாள்.

"சார், வண்டி தயார். ரெண்டுதரம் ஏத்தத்துல விட்டுப் பார்த்தாச்சு."

"நல்லதும்மா. மெக்கானிக் யாரு? நம்பர் குடுங்க, நம்ம பஸ்ஸும் மக்கர் பண்ணுது."

"அவங்க வெளிவேலைக்கு வரமாட்டாங்க சார். எங்க அண்ணி. என் பிழைப்பு இன்னிக்குத் தப்பிச்சதே அவங்களாலதான்."

"ஒரு அட்டைத் துண்டுக்கு இவ்வளவு பேச்சா" என்று முணுமுணுத்த நாத்தனார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.