நடுவில் நின்ற அரசப்பன்

நாகநாதனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு வாய் கசக்கும். ஆனால் அவனை விட்டுவிட்டு என் கைப்பந்து வாழ்க்கையைச் சொல்லவும் முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அறுபத்து மூன்றாம் வருஷம் காரைக்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். வேலை என்பது பெயருக்குத்தான். காலையில் கொஞ்ச நேரம் மெஷின் பக்கம் நின்று முகத்தைக் காட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம். மில் பெயர் போட்ட பனியனோடு மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று ஊர் ஊராகப் போய்ப் பந்து அடிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். நான் வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவன். எனக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் நாகநாதன், திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து ஆள். அவன் தூக்கிவிட்டால் பந்து என் கைக்கு நேரே வந்து நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்து மயங்கித்தான் என் தங்கை பொன்னுத்தாயியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தேன். பந்து தூக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அறுபத்தெட்டில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் போனோம். என்னை எடுத்தார்கள், அவனை எடுக்கவில்லை. அது என் குற்றமா? நான் திருச்சியில் பயிற்சி முகாமில் இருக்கும்போது, அவன் மகனுக்குக் கருப்பர் கோயிலில் காதுகுத்து வைத்துவிட்டான். முகாமை விட்டு ஒரு பொழுதுகூட வெளியே வர முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் ஊரில் இல்லை என்றால் நாளைத் தள்ளி வைப்பார்கள். இவன் தூரத்துச் சொந்தக்காரன் எவனோ ஒருத்தன் மடியில் என் மருமகனை உட்கார வைத்தான். நான் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போனதாக ஊருக்குச் சொன்ன மாதிரிதானே அது? திரும்பி வந்ததும் அவனோடு பேச்சை முறித்தேன். பொன்னுத்தாயியும் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது என் வலது முழங்கால் திருகிக்கொண்டது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், எதற்கும் மசியவில்லை. மில் முதலாளி பழைய மனிதர், விளையாட்டுப் பிரியர். வேலையை விட்டு அனுப்பாமல் என்னை அணிக்குக் கோச்சாகப் போட்டார். ஆக, நான் முகம் பார்த்துப் பேசாத ஒருத்தனுக்கு நானே கோச்.

இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேச்சு முறிந்த வீடுகளில் எப்படிக் காரியம் நடக்கிறதோ அப்படித்தான் நாங்களும் நடத்தினோம். நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் அரசப்பன். மில்லில் தச்சு வேலை பார்க்கிற ஆசாரி, பின்வரிசையில் ஆடுகிறவன், இரண்டு பேருக்கும் வேண்டியவன். நாகநாதனுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு அரசப்பன் காதில் சொல்வேன். அந்தத் தறுதலையைக் கொஞ்சம் உயரத் தூக்கச் சொல்லு, அந்தச் சோம்பேறியை வலையை ஒட்டி நிற்கச் சொல்லு, இப்படி. சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். அவன் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்? அரசப்பன் அவன் பக்கத்தில் போய்க் குசுகுசுவென்று ஏதோ சொல்வான், திரும்பி வந்து, சரி என்று சொல்லிவிட்டான் என்பான். சொன்னபடியே பந்து உயரும். நாலு வருஷம் இப்படி ஓடியது. ஜெயித்தோம் என்றால் சும்மா இல்லை, சுற்றுவட்டாரத்தில் எங்களை எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

எழுபத்து மூன்றில் முதலாளி படுக்கையில் விழுந்தார். பட்டணத்தில் படித்த ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். வந்த உடனே என்னைக் கூப்பிட்டு, பந்து அடிக்கிறவர்களுக்கு எதற்கு மில்லில் சோறு என்று கேட்டார். பிறகு, பொங்கலுக்குப் பள்ளத்தூரில் நடக்கிற போட்டியில் கோப்பையைக் கொண்டு வந்தால் அணி இருக்கும், கோச்சும் இருப்பார், இல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன், நீங்கள் மறுபடி மெஷினுக்குப் போக வேண்டியதுதான் என்றார். மெஷின் என்றால் ஷிப்ட் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. என் காலோடு ஒரு மாதம் தாங்குவேனா? வீட்டில் என் மனைவி அன்னக்கிளி மாசமாக இருந்தாள். நாகநாதனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அணி கலைந்தாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை. என்னைத் தெருவில் நிறுத்த அவன் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, பந்தை ஒரு சாண் தள்ளித் தூக்கினால் போதும். இந்த நினைப்பில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பள்ளத்தூருக்கு ஏழு பேரோடுதான் போனோம். மற்றவர்களுக்கு அம்மை. இறுதி ஆட்டம் திருச்சி அணியோடு. மேனேஜர் காரில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு கேம் எடுத்து ஐந்தாவது கேமுக்கு வந்தோம். அதில் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்த அரசப்பனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்து நிழலில் படுக்க வைத்தார்கள். மிச்சம் இருந்த ஒரே ஆளான இராமுவை உள்ளே இறக்கினேன். இராமு அணிக்குப் புதுசு. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், தண்ணீர் கொண்டு வா என்றால் தண்ணீரை மட்டும் கொண்டு வருவான், செம்பைக் கேட்டால்தான் செம்பு வரும்.

பதினொன்றுக்குப் பதினொன்று. நாகநாதன் திரும்பத் திரும்ப இடது பக்கமே தூக்கிக்கொண்டிருந்தான். திருச்சிக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு அங்கேயே இரண்டு பேரை நிறுத்தித் தடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவு கட்டினேன். டைம் அவுட் கேட்டு இராமுவைக் கூப்பிட்டேன்.

"அந்த மானங்கெட்டவன்கிட்டப் போயிச் சொல்லு. வலது பக்கந் தூக்கணும். எடது பக்கமே தூக்கித் தூக்கி எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் நிக்கிறான்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலாக இராமுவின் குரல் தெளிவாகக் கேட்டது. மானங்கெட்டவனில் ஆரம்பித்து மண்ணள்ளிப் போடுவது வரைக்கும் ஒரு எழுத்து குறைக்காமல் சொல்லி முடித்தான்.

"அவுகளா இப்புடிச் சொன்னாக?" நாகநாதனின் குரல்.

"ஆமாண்ணே. நானா ஒரு வார்த்த கூட்டல."

நடுவர் விசில் ஊதினார். நான் திரும்பியபோது நாகநாதன் பனியனைக் கழற்றி வலைக் கம்பத்தில் போட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். கூட்டம் ஊளையிட்டது. கோட்டுக்குள் ஐந்து பேர்தான் நின்றார்கள். நடுவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், பிறகு திருச்சிப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். மேனேஜர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், என் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிப் போனார். முடிந்தது என் கோச் வேலை. மைதானத்து நடுவில் நின்று நான் பேசிய பேச்சையெல்லாம் அச்சில் போட முடியாது.

அவனை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று காலை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவன் அரசப்பன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாலு வருசமா மாப்ளே மாப்ளேன்னு வந்து சொன்னியேடா. யாரு சொன்ன மாப்ளே அது?"

அரசப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வலியில் வியர்த்த முகத்தோடு நாகநாதனிடம் சொன்னான். "நாந்தாண்ணே சொன்னேன். அவுக வாயில வந்தத அப்புடியே கொண்டாந்தா டீம் ஓடுமா? மாப்ள பந்து நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் உசரத் தூக்கச் சொன்னாகன்னு நானாச் சேத்துச் சொன்னேன்." பிறகு என்னிடம் திரும்பினான். "இவுகளும் சரிங்க மச்சான்னுதான் ஒவ்வொருவாட்டியும் சொல்லிவிடுவாக. அத அப்புடியே சொன்னா நீங்க சாமியாடுவீகன்னு முழுங்கிட்டேன்."

எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமா? என் வாயில் இல்லாத வார்த்தையை எடுத்துப் போய் அந்த ஆளிடம் கொடுக்க நீ யார், உன்னை யார் கேட்டது என்று காச் மூச்சென்று கத்தினேன். கால் பிசகிக் கிடக்கிறவனைத் திட்டுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

நாகநாதன் எழுந்து எனக்கு நேரே வந்து நின்றான். காதுகுத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு தடவயாச்சும் அப்புடிச் சொன்னீகளா, மச்சான்?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்குத்தான் அவன் நின்றான். அது எனக்குப் புரிந்தது. அது பொய் என்று தெரிந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். கீழே கிடந்த அரசப்பன் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினான். ஆனால் கோப்பை போய்விட்டது, வேலை போய்விட்டது, பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன், இத்தனையும் செய்தவனுக்கு நான் எதற்கு ஆறுதல் சொல்ல வேண்டும்?

"இல்ல" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தரையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான். மறுவாரமே என்னை மெஷினில் போட்டார்கள். பங்குனி வரைக்கும் கால் தாங்கியது, அதன் பிறகு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அரசப்பன் கால் சரியான பிறகும் என்னிடம் வரவில்லை. பொன்னுத்தாயியும் வரவில்லை.

நான் பொய் பேசாதவன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு தடவை அவன் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவன் கேட்கவே இல்லை.