டச்சு இலவசம்

ஒரு மொழியை வென்றவன் அதன் உடன்பிறந்த மொழிகள் அனைத்தையும் வென்றவன் ஆகிறான். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் வகுப்பு நடத்திய ஆசிரியர். கண்டுபிடித்த கையோடு வாசலில் பலகையும் மாட்டினார்: 'ஜெர்மன் படித்தால் டச்சு இலவசம்.'

பலகையை நம்பிச் சேர்ந்தவள் ஒரு நர்ஸ். டச்சுக்காரர்களின் ஆஸ்பத்திரி ஒன்று அவளை வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்திருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி அதே வார்டு, தலைமை நர்ஸின் அதே கடுகடுப்பு.

"சார், டச்சுல ஒரு வார்த்தகூட நீங்க சொல்லித் தரலையே?"

"எதுக்கும்மா? ஜெர்மன் அண்ணன், இங்கிலீஷ் தம்பி, டச்சு நடுவுல பொறந்தது. இங்கிலீஷ்ல மில்க், டச்சுல மெல்க், ஜெர்மன்ல மில்ஷ். ஒரே மூக்கு, ஒரே முழி! அண்ணன் தம்பியோட பழகினவனுக்கு நடுப்பிள்ளை பேசறது புரியாதா?"

"எங்க வீட்லயும் மூணு பேரு சார். ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது."

"அது வேற மாதிரி குடும்பம்" என்றார் ஆசிரியர்.

நேர்காணலுக்குத் துணையாக அவரே வந்தார். கேமராவில் படாமல் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பதில் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு.

திரையில் தோன்றிய டாக்டரம்மா டச்சில் ஏதோ கேட்டார்.

"பாத்தியா, தண்ணி பட்ட பாடு! நோயாளிகளைப் புடிக்குமான்னு கேக்கறாங்க" என்று கிசுகிசுத்த ஆசிரியர், ஜெர்மனில் ஒரு பதிலை மேலே அனுப்பினார். நர்ஸ் அதை அப்படியே ஒப்பித்தாள்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்து நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, நீளமாகப் பேசினார்.

மேசைக்கு அடியில் ஆசிரியர் தலையைச் சொறிந்தார். நர்ஸ் காலால் ஒரு இடி இடித்தாள்.

"சார்! என்ன சொல்றாங்க?"

"இது டச்சுலயே ரொம்ப ஆழமான டச்சும்மா. எனக்கே பிடிபடல. சும்மா சிரிச்சு வை."

சிரித்து வைத்தால் வேலை போய்விடும். நர்ஸ் தன் அரைகுறை இங்கிலீஷில் துணிந்து இறங்கினாள். மாத்திரையைத் துப்பும் நோயாளியை எப்படி வழிக்குக் கொண்டுவருவாள் என்று முகத்தைக் கோணிக் கோணி நடித்தே காட்டினாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வேலை உனக்குத்தான், டச்சை இங்கே வந்து கற்றுக்கொள் என்று அவரும் இங்கிலீஷில் சொன்னார்.

"எல்லாம் நம்ம வகுப்போட மகிமை" என்றது மேசை.

நர்ஸுக்கு மனம் கேட்கவில்லை. சற்றுமுன் அவ்வளவு கடினமான டச்சில் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தாள்.

அது டச்சே இல்லை என்றார் டாக்டரம்மா. நர்ஸ் ஜெர்மனில் பதில் சொன்னதால், அவளுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று ஜெர்மனில் பேசினாராம்.