இரண்டாவது பதில்

இன்னும் ஒன்பது விநாடி. இரண்டாவது பதிலை மூச்சு விடாமல் உரக்க வாசித்து முடித்தாள். ஏழு. ஆறு. சட்டென்று வலது பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். அப்போதுதான் கைபேசி அலறியது.

ஒரே கேள்விக்கு இயந்திரம் எழுதிய இரண்டு பதில்கள் திரையில் இடமும் வலமுமாக வரும். திரையில் ஓடும் விநாடிகள் தீருமுன் எது மேல் என்று மனுஷர் யாராவது சொல்லவேண்டும். இப்படி ஊர் உலகமே சொல்லச் சொல்லத்தான் அதற்குப் புத்தி வருகிறதாம். நாலு மாதமாக அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

பேசியது சூப்பர்வைசர் பெண்.

"அக்கா, குண்டைத் தூக்கிப் போடறேன்னு நினைக்காதீங்க. இந்த மாசம் அறுநூறு பார்த்திருக்கீங்க. ஐநூத்தித் தொண்ணூறு வலது பக்கம். படிச்சீங்களா, கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினீங்களா?"

"ஒரு எழுத்து விடாமப் படிச்சேம்மா."

"நீங்க வலது அமுக்கின பழசையே பக்கம் மாத்தி அனுப்பறேன். போன தடவை எடுத்த பதிலையே இப்பவும் எடுத்தா வேலை இருக்கு. மறுபடியும் வலதுன்னா, என் கையில ஒண்ணுமில்லக்கா. பத்தே பத்து. உங்களுக்கு ஜுஜுபி."

ஜுஜுபிதான். பத்துக்கும் இடது பக்கம் அமுக்கினால் தீர்ந்தது, வேலை தப்பும். விரல் பொத்தான் மேல் போய் நின்றது. ஐநூத்தித் தொண்ணூறு என்ற எண் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

விரலை எடுத்துவிட்டாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள்.

இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடைக்காரனை அழவைத்த அவள் புருஷன், பக்கவாதத்தில் பேச்சற்றுக் கிடந்தார். "அவருக்கு எதுவும் புரியாதும்மா" என்று டாக்டர் கைவிரித்தபோது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். புரியாத மனுஷரா தினமும் பதில் பொறுக்குகிறார்? வாசிப்பது அவள், பிடித்த பதிலுக்கு அவள் கையை அழுத்துவது அவர். பொத்தானை அமுக்குவது மறுபடி அவள். அந்த அழுத்தம் அநேகமாக இரண்டாவதை வாசித்து முடித்ததும்தான் வரும்.

"என்னங்க, முதல் பதில் பிடிச்சா உடனே அழுத்திடணும். சட்டைக் கடை மாதிரி இன்னொண்ணையும் பார்த்துடலாம்னு இருக்கக் கூடாது, என்ன?"

அவர் உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தாள். பத்தில் முதல் கேள்வியைத் திறந்து, இடது பக்கத்துப் பதிலை நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தாள்.

இருபது. பத்தொன்பது. பதினெட்டு.

இரண்டாவது பதிலை வாசிக்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஐந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.