மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கோகுலகிருஷ்ணன் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அவனைவிட வயது அதிகம். இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் முந்திரி மரத்தடியில் விட்டுப்போன சிவப்பு வண்டி. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, இஞ்சின் இருந்தும் இல்லாத மாதிரி. ஆனாலும் கோகுலின் மனசுக்குள் அது ஏதோ தூர தேசத்துக் கடலோர மலைப்பாதையில், ஆரஞ்சுத் தோட்டங்களை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தது. உடம்பு மட்டும் விழுப்புரத்தில், ஹமீதின் பட்டறையில் ஜாக்கி மேல் நின்றது.

கோட்டக்குப்பத்து ஹமீத் துபாயில் கார் பட்டறையில் இருந்தவன். அங்கே அவன் பார்த்தது டயர் மாற்றுகிற வேலை என்பதை நண்பர்கள் இருவருமே பெரிதுபடுத்தவில்லை. பைபாஸில் கவிழ்ந்த புதுக் கார் ஒன்றின் இஞ்சினை வாங்கிவந்து, மாதக்கணக்கில் போராடி உள்ளே உட்காரவைத்தார்கள். அது ஒரு சாண் நீளம் அதிகம். இஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் ஃபேனுக்கு இடமில்லாமல் போனது.

"ஃபேன் எதுக்கு மச்சி? இது போற ஸ்பீடுக்கு எதிர்க்காத்தே போதும். ஃபேன் மாட்டிக்கினு போறதெல்லாம் ஷேர் ஆட்டோ" என்றான் ஹமீத். கோகுலுக்கு அது கவிதை மாதிரி கேட்டது.

அவனைக் கட்டிக்கொள்ளப்போகும் ஆர்த்திக்கு அப்படிக் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கே நகக்கண்ணில் கிரீஸோடு வந்தவன் அவன்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு அதுலதான் வருவேன்னு அடம் புடிக்கிறீங்க. கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் உங்களக் கொண்டாந்து சேர்த்துச்சின்னா வச்சிக்குங்க. இல்லன்னா மறுநாளே வித்துரணும்."

"ஒரு கிலோமீட்டர்தான?" என்று சிரித்தான் கோகுல். பைபாஸில் நூற்றி நாற்பதைத் தொட்ட வண்டி.

அந்த ஒரு கிலோமீட்டரைக் கல்யாணம் நடக்கும் திண்டிவனத்தில் எப்படிக் கடப்பார்கள் என்பதை மட்டும் இரண்டு நிபுணர்களும் யோசிக்கவில்லை. அழைப்பு அன்றைக்கு, காருக்கு முன்னால் பேண்டு செட்டு. அதற்கும் முன்னால் ஆடுகிறவர்கள். அவர்களைப் படம் பிடிக்கப் பின்பக்கமாகவே நடக்கும் வீடியோகாரர். மாமனார் முருகையன் கடைக்குக் கடை நின்று மாப்பிள்ளையைக் காட்டினார். எதிர்க்காற்று என்ற ஒன்று அந்தத் தெருவுக்குள் வரவே இல்லை.

மருந்துக்கடை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் படுத்துவிட்டது. பானெட் இடுக்கில் ஆவி. சாம்பிராணி என்று நினைத்து ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காத்து பட்டாத்தான் ஆறும். சந்துல திருப்பு, ஹைவேயில ஏறு" என்றான் பக்கத்து சீட்டு ஹமீத்.

கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை பறந்தான். முள் இறங்கியது. இஞ்சின் அத்தனை இனிமையாகப் பாடியது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கடலை வயல்கள் ஏறக்குறைய ஆரஞ்சுத் தோட்டங்களாகிவிட்டன. திரும்ப வேண்டும் என்ற நினைப்பு வந்தபோது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி, கூட்டேரிப்பட்டு வந்திருந்தது. லாரிகளுக்கு வழிவிட்டுத் திரும்புவதற்காக நின்றார்கள். நின்றதுதான் தப்பு. குழாய் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் கொட்டியது.

ஹமீதைக் காவலுக்கு விட்டுவிட்டு, கோகுல் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினான்.

"கல்யாண மண்டபம் ஒண்ணு."

மாலையைப் பார்த்தார் கண்டக்டர். "அங்க ஸ்டாப்பிங் இல்லியேப்பா. சரி, உனுக்காக நிறுத்தறேன்."

நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் பஸ் ஒரு ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. அவனுடைய ஊர்வலம்தான். மாப்பிள்ளை போன விஷயம் முன்னால் ஆடுகிறவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. பேண்டுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. அதன் கிழட்டு இஞ்சின் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. கோகுல் படிக்கட்டில் நின்று, வேறு வழியில்லாமல், கடைக்காரர்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டைப் பஸ் படிக்கட்டுக்கே சுற்றினார்கள். முருகையன் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் காரைத் தேடினார். ஆர்த்திதான் வெளியே வந்தாள்.

"வண்டி எங்க?"

"கூட்டேரிப்பட்டுல."

"எப்படி ஓடுச்சு?"

"பிரமாதமா ஓடுச்சு" என்றான், உண்மையாகவே.

"நல்லதாப்போச்சு. வண்டிய வெலைக்கு வாங்க வர்றவங்ககிட்டயும் அப்படியே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் மாலையை நேராக்கினாள்.