சாப்பிடக் கூப்பிட்ட நிலக்கரி

சத்தியமாக, இதில் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொன்னதில்லை: எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் மூன்றாம் தளத்தில் வெட்டிய நிலக்கரியை அடுப்பில் போட்டால், அது பெண்குரலில் சாப்பிடக் கூப்பிட்டது.

குரல் முதலாளியின் மனைவியுடையது. முதலாளி முதலில் சுரங்கப் பொறியாளர். கம்பெனி சொந்தமான பிறகும் நாற்காலி ஒத்துக்கொள்ளாமல் பூமிக்கடியிலேயே கிடந்தார். பகல் ஒரு மணிக்கு மனைவி அலுவலகத்துக்கு வந்து, கீழே இறங்கும் பேசுகுழாயின் தகர வாயில் குனிந்து, "என்னங்க, சாப்பிட வாங்க, ஆறுது" என்பாள். முந்நூறு அடி ஆழத்திலிருந்து "இதோ வந்துட்டேன்" என்று பதில் வரும். ஆள் வராது. முப்பத்தொரு வருடம் இப்படியே போயிற்று. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் கண்ணை மூடியபோதும் அவர் கீழேதான் இருந்தார்.

குழாயில் இறங்கிய குரல் எங்கே போகும்? அவ்வளவும் கரியில் ஊறியிருந்தது. முதலில் ரொட்டிக்கடை அடுப்பு கூப்பிட்டது, பிறகு இரும்புப் பட்டறை. ஊர் ஆண்கள் வேளைக்கு வீடு வந்தார்கள். தன் புருஷனை 'என்னங்க' என்பவள் எவள் என்று சண்டைக்குக் கிளம்பிய பெண்கள், அடுப்போடு மல்லுக்கு நிற்க முடியாமல் திரும்பினார்கள்.

சேதி தெரிந்ததும் முதலாளி மூன்றாம் தளத்துக் கரியின் விற்பனையை நிறுத்தி, மொத்தத்தையும் வீட்டில் இறக்கினார். ஒரு துண்டு ஒரு முறைதான் கூப்பிடும். தினம் ஒரு மணிக்கு ஒன்றைப் போட்டு, கேட்டு, தனியாகச் சாப்பிட்டார். பதினொரு வருடத்தில் குவியல் ஒரு துண்டில் வந்து நின்றது.

சுரங்க மேற்பார்வையாளன் இறந்த மனைவியின் தம்பி. வந்தவன் கடைசித் துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, இதையும் எரிச்சிட்டா அக்கா அவ்வளவுதான். பெட்டியில வச்சுப் பூட்டுங்க."

"கூப்பிடாம எப்படிடா போறது?" என்றார் அவர்.

முகம் கழுவி, சட்டை மாற்றி, இரண்டு தட்டு வைத்து, கரியை அடுப்பில் போட்டார். அது கூப்பிட்டது. "இதோ வந்துட்டேன்" என்று எழுந்தார். இந்தத் தடவை போயே விட்டார். இரண்டு மணிக்குத் தம்பி எட்டிப் பார்த்தபோது வீட்டில் யாருமில்லை. இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவன் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

ஒன்று விட்டுப்போயிற்று. இருபத்தாறு வயதில், கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால், பாறைக்கு வைத்த வெடியில் முதலாளிக்கு இரண்டு காதும் அடியோடு போய்விட்டன; அதன் பிறகு யார் பேசினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்.