என் இடது காதும் ஒரு விமானமும்

நான் சொல்வதை ஆலத்தூர் நாட்டில் யாரும் நம்புவதில்லை. எங்கள் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், எங்கள் பஸ்ஸின் முன்பக்கம் அதன் பின்பக்கத்துக்கு வழிவிட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதையே நம்பவில்லை. ஆகவே போன வருஷம் என் இடது காதால் பெங்களூரில் ஒரு விமானம் நின்றுபோனதையும் நம்ப வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

என் மருமகள் கோகிலவாணி அங்கே விமானத்துக்குக் கரண்டு வேலை பார்க்கிறாள். றெக்கையிலும் வயிற்றிலும் ஓடுகிற ஒயர்களில் எது கெட்டது என்று கண்டுபிடித்து, சரிசெய்து, கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட ஓர் அட்டை வேண்டும். ஏழு வருஷம் பரீட்சை எழுதி அதை வாங்கினாள். என் மகனை விட்டுவிட்டு ஊருக்கு வருவாள், அட்டையை விட்டுவிட்டு வர மாட்டாள்.

அன்று வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து, காலையில் வந்து இறங்கினாள். வேலைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். தூசி காதுக்குள் போய் அரித்தது. கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக்கில் ஒன்று எட்டிப் பார்த்தது. விரல் நீளம்; ஒரு பாதி சிவப்பு, மறு பாதி வெள்ளை. வெள்ளைப் பக்கத்து முனை மெல்லிசாக, குழிவாக, காதுக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது. காது குடையக்கூடக் கம்பெனியில் சாமான் கொடுக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். குடையும்போது 'டிக்' என்றது. அரிப்பு நின்றது. உலகமும் கொஞ்சம் தூரமாய்ப் போனது. சாமானைப் பீடிபோலக் காதின்மேல் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் போன் பலாமரத்தில்தான் தொங்கும், சிக்னல் அங்கேதான். ஒன்பதரைக்கு அது அடித்தது. ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்த மருமகளின் முகத்தில் ரத்தமில்லை.

"மாமா, பின் எடுக்கறதைப் பாத்தீங்களா?"

"பின்னுதானே சாமி, இரு" என்று வீட்டைக் கவிழ்த்து பதினோரு ஊக்கும் இரண்டு கொண்டை ஊசியும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இது இல்லீங்க மாமா. ஒயரோட பின்னைக் கழட்டற சாமான். பெட்டியில ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பள்ளம் காலியா இருந்தாலும் அது விமானத்துக்குள்ள கெடக்குதுன்னுதான் அர்த்தம். பன்னெண்டு மணிக்குக் கெளம்ப வேண்டியதை நிறுத்தி வெச்சு, தரையைப் பேத்துத் தேடறாங்க. எண்ணாம மூடுனது நானுங்க. அது கெடைக்கலைன்னா என்ற அட்டை போச்சு."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, காதுமேல என்னங்க?"

"காது குடையற சாமான். உன்ற கோட்டுல இருந்துது."

பிடுங்கினாள். ஒரு மூச்சு நேரம் சிரித்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள்.

"மொன எங்கீங்க மாமா?"

"மொளகு? பரண்ல."

"மொளகு இல்லீங்க, மொன."

"அதைத்தான் நானும் சொல்றேன். எத்தன கிலோ வேணும்?"

சாமான் கிடைத்தும் தீரவில்லையாம். முனை உடைந்திருந்தால் அந்தத் துண்டு ஒயர்களுக்கு நடுவே கிடக்கிறது என்றுதான் கொள்வார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் காது குடைந்தது வீட்டில், துண்டு எப்படிப் பெங்களூர் போகும்?

மருமகள் உடைந்த நுனியைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். பிறகு என் வலப்பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கலாம் சாமி."

இடப்பக்கம் வந்து அதையே கேட்டாள்.

"யாரு தீக்குளிச்சா?" என்றேன்.

"லெஃப்ட்டுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேன்மொழி என் காதில் லைட் அடித்து, இடுக்கியை விட்டு, அரிசிக்குருணை அளவில் வெள்ளையாய் ஒன்றை எடுத்தாள். "வெவசாயம் காதுக்குள்ளயேவா பண்றீங்க?" என்றாள். முனை சாமானோடு பொருந்தியது. மருமகள் போட்டோ எடுத்து அனுப்பிய மறு நிமிஷம் அவளுடைய மேலதிகாரி சசிதரன் கூப்பிட்டார். துண்டு எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டுமாம்.

"கோட்டுப் பையிலன்னு சொல்லிப்போடு" என்றேன் நான். "காதுன்னா ஒருத்தன் நம்ப மாட்டான். பொய் எப்படி இருக்கோணும்னு எனக்குத் தெரியும் சாமி."

"உள்ளதைத்தானுங்க எழுதோணும்" என்றவள் போனில் சொன்னாள்: "லெஃப்ட் காதுங்க சார்."

"லெஃப்ட்ல எந்த ஏரியா? காதுன்னு ஒரு பார்ட் லிஸ்ட்லயே இல்லியே."

"மாமனார்ங்க சார்."

சசிதரன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஐயா, நெசமாவே உங்க காதுலதான் இருந்துதா?"

எழுபத்தோரு வயதில் என்னிடம் யாரும் நிஜமா என்று கேட்டதில்லை, கேட்காமலே சிரித்துவிடுவார்கள். குழம்பிப்போனேன். ஆமாம் என்றால் வழக்கமான என் கதைபோல் இருக்கும். துண்டு உள்ளே இருந்தபோது பெங்களூர் ரேடியோ கேட்டது என்று சேர்த்தால் கொஞ்சம் நம்பும்படி இருக்குமோ என்று நாக்கு துறுதுறுத்தது. மருமகள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நீலமாகிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். அவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதே கிடையாது.

"பொய் சொல்றவங்க காதுன்னு சொல்ல மாட்டாங்க" என்றார் சசிதரன்.

விமானம் ஒன்றே காலுக்குக் கிளம்பியது. எண்ணாமல் மூடியதற்காக மருமகளின் அட்டையைப் பதினைந்து நாள் வாங்கி வைத்து, பாடம் எடுத்து, திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பையை எண்ணிவிட்டு, என் இரண்டு காதிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அப்புறம் வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, டீ குடிக்கிறீங்களா என்று கேட்கிறாள். நான் இரண்டு டீயும் வாங்கிக் குடிக்கிறேன்.